நிவாரண வண்டி திரும்பிப் போனதுக்கு அப்புறம் அந்த வீட்டுப் பிள்ளைங்க

36,000 ரூபா. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுது இல்லையா, அதுக்கு அடுத்த மாசமே பேப்பர்ல ஒரு செய்தி வந்துச்சு. தஞ்சாவூர் மாவட்டத்துல புயல்ல வீடு சேதமான ஒரு கூலிக் குடும்பம், வீட்ட சரிபண்றதுக்காக 36,000 ரூபா வாங்கிட்டு பெத்த பையன நாகப்பட்டினம் பக்கம் ஒருத்தர்கிட்ட வேலைக்கு விட்டுட்டாங்க, தகவல் தெரிஞ்சு அதிகாரிங்க போயி பையன மீட்டாங்கன்னு. படிச்ச நெறைய பேரு "இவங்கல்லாம் ஒரு அப்பா அம்மாவா"ன்னு ஃபேஸ்புக்ல எழுதுனாங்க, எனக்கு அதையெல்லாம் படிக்கவே முடியல. ஏன்னா நான் அந்தப் பக்கத்துக்காரி, பேராவூரணி பக்கம் எங்க ஊரு, அந்த மாசம் எங்க ரோட்டுல வந்து நின்ன நிவாரண வண்டிங்கள கண்ணால பாத்தவ. அதுல ஒரே ஒரு வண்டியோட சரக்கே 36,000 ரூபாய விட அதிகம் பெறும். அவ்வளவு உதவி வந்துச்சு, அவ்வளவு நல்ல மனசோட வந்துச்சு, ஆனா அந்தப் பையன் வீட்டுக்கு வேண்டியது வேண்டிய நேரத்துல போய்ச் சேரல.

அதனாலதான் இத எழுதுறேன். ஒரு புயலோ வெள்ளமோ வந்தா பிள்ளைங்க கவனிப்பாரில்லாம போறது அன்னைக்கே நடக்காது. அன்னைக்கு எல்லாரும் பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு, வண்டியெல்லாம் திரும்பிப் போனப்புறம், வேலையும் இல்ல கடன்காரனும் வாசல்ல நிக்கிறான்ங்கிற நேரத்துலதான் பிள்ளை மெல்ல மெல்ல கைநழுவுது. நாம குடுக்குற காசு அந்த நேரத்துக்குப் போகணும், பொருளா போகாம பணமா போகணும், ஒரு தடவையோட நிக்காம ஒரு ஆறு மாசமாவது போகணும். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான், ஏன்னு விளக்குறதுக்குத்தான் மீதி எல்லாம்.

முதல்ல எங்க பக்கம் என்ன ஆச்சுன்னு சொல்றேன். கஜா 16ஆம் தேதி விடியுறதுக்குள்ள வேதாரண்யம் பக்கம் கரைய கடந்து அப்படியே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, புதுக்கோட்டைன்னு உள்ள வந்துச்சு. விடிஞ்சு பாத்தா தென்னந்தோப்புல நின்னுட்டு இருக்குற மரத்த எண்ணிரலாம். தோப்புக்காரங்களுக்கு நஷ்டம் ரொம்ப பெரிசு, அதுல சந்தேகமே இல்ல, அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபா அறிவிச்சுது, அதுல 600 ரூபா விழுந்த மரத்துக்கு, 500 ரூபா அத வெட்டி அப்புறப்படுத்துறதுக்கு. ஆனா தோப்பே இல்லாம தென்னைய நம்பி இருந்தவங்க எத்தன பேரு தெரியுமா. மரம் ஏறுறவங்க, தேங்கா உரிக்கிறவங்க, வண்டியில லோடு ஏத்துறவங்க, கீத்து முடையுற பொம்பளைங்க, கயிறு ஃபேக்டரிக்கு மட்டை அடிக்கப் போறவங்க. இவங்க பேர்ல ஒரு மரம் கூட கெடையாது, அதனால மரக் கணக்குல இவங்களுக்கு ஒண்ணும் வராது. குடிசை முழுசா போயிருந்தா 10,000, அப்புறம் 27 பொருள் வச்ச நிவாரணப் பை. நெட்டை ரகம் புதுசா வச்சா காய் பிடிக்க ஆறேழு வருஷம் ஆகும், அப்ப ஆறேழு வருஷத்துக்கு இவங்க கூலி எங்க போறது?

கொஞ்ச நாளைக்கு விழுந்த மரத்த அறுக்குற வேலை இருந்துச்சு. அது முடிஞ்சதும் ஆம்பளைங்க திருப்பூர், கேரளா, சென்னைன்னு கெளம்பிட்டாங்க. போனவங்க உடனே காசு அனுப்ப முடியுமா, அட்வான்ஸ் கட்டி ரூம் எடுக்கணும், முதல் சம்பளம் கையில வர ஒரு மாசத்துக்கு மேல ஆயிடும். இங்க அம்மா விடியக்காலையில எந்திரிச்சு எங்க கூலி கெடைக்குதோ அங்க ஓடணும். பக்கத்துல வேலை இருந்தப்ப பத்து மணிக்கு ஒரு தடவ வந்து கைப்புள்ளைக்கு பால் குடுத்துட்டுப் போவாங்க, இப்ப டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளி கூட்டிட்டுப் போறான், சாயங்காலம் இருட்டுனப்புறம்தான் திரும்ப முடியும். அதுவரைக்கும் பிள்ளைய யாரு பாக்குறது, ஆறாவது படிக்கிற மூத்த பொண்ணு பாக்குறா. அவ அன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல, நாளைக்கும் போகல, ஒரு மாசத்துல அது பழகிப் போயிடுது.

ஸ்கூலும்தான் அந்த நேரத்துல எங்க இருந்துச்சு. எல்லா ஸ்கூல்லயும் ஜனங்க தங்கியிருந்தாங்க, ஒரு லட்சத்துக்கும் மேல கரண்டு கம்பம் விழுந்துருந்துச்சு, பல ஊருக்கு வாரக்கணக்குல கரண்டே இல்ல. ஸ்கூல் லீவுன்னா நமக்கு லீவு மட்டும்தான், ஆனா எங்க ஊரு பிள்ளைங்க நெறைய பேருக்கு அது மதிய சாப்பாடு இல்லாத நாள். இப்ப காலை உணவுத் திட்டமும் இருக்கு, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துருச்சு, அதனால இனிமே ஒரு வெள்ளத்துல ஸ்கூல் மூடுனா பிள்ளைக்கு ரெண்டு வேளை சாப்பாடு போயிடும். அங்கன்வாடி மூடுனா முட்டையும் சத்துமாவும் போயிடும், கூடவே ஒரு பெரிய மனுஷி பிள்ளைய பக்கத்துல வச்சு பாத்துக்குற அந்த அஞ்சாறு மணி நேரமும் போயிடும். நிவாரணம்னு பேசுறப்ப இந்த பாத்துக்குறதுங்கிற விஷயத்த யாரும் கணக்குலயே எடுக்குறது இல்ல, எனக்கு அதுதான் தாங்கவே முடியாத வருத்தம்.

அடுத்தது கடன். குழு லோன்னு சொல்லுவோம், பத்து இருபது பொம்பளைங்க சேந்து ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நின்னு வாங்குறது, வாரத் தவணை. புயல் வந்தாலும் வாரம் வந்துரும். ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க சேந்து கட்டணும், அதனால கடன் குடுத்தவன் திட்டுறதுக்கு முன்னாடி கூட இருக்குற அக்கா தங்கச்சிங்களே மூஞ்சிய திருப்பிக்குவாங்க. அந்த அவமானத்துக்குப் பயந்து தோடு அடகுக்குப் போகும், அப்புறம் கந்துவட்டி. இந்த நேரம் பாத்துதான் ஏஜென்ட்டுங்க வர்றது. ஆட்டுக்கிடைக்கு ஒரு பையன் வேணும், வருஷத்துக்கு இவ்வளவு தர்றேன், சாப்பாடு நாங்க போட்டுர்றோம்பான். வாத்து மேய்க்க கேப்பான். வயசுக்கு வந்த பொண்ணு இருந்தா மில்லு ஏஜென்ட்டு வருவான், ஹாஸ்டல் இருக்கு, மூணு வருஷம் முடிஞ்சா மொத்தமா கையில தருவாங்க, கல்யாணத்துக்கு ஆச்சுன்னு. இல்லன்னா பதினஞ்சு வயசுலயே சொந்தத்துல ஒரு மாப்ள பேச்சு வரும். அம்மா மனசுல என்ன ஓடும்னு யோசிங்க, இங்க இருந்தா பட்டினி, அங்க போனா ஒரு வேளை சோறாவது. பிள்ளைய தொலைச்சுக் கட்டணும்னு நெனச்சு யாரும் அனுப்புறதில்ல.

எங்க ஊரு பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர், துபாய், சென்னை, பெங்களூருன்னு எல்லாரும் கெடக்குறோம். புயல் அன்னைக்கு ராத்திரியே காசு கொட்ட ஆரம்பிச்சுருச்சு, எல்லாருக்கும் அழுகை. தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, தண்ணி கேன் இதுக்கெல்லாம் முதல் வாரம் செலவு பண்ணுனோம், அது வேணும், வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா எங்க ஊரு ரிட்டயர்டு ஹெச்எம் ஒருத்தரு, எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரு, அவருதான் போன் பண்ணி சொன்னாரு, "காச எல்லாம் இப்பவே காலி பண்ணிராதீங்கம்மா, தை மாசத்துக்கு வச்சிருங்க. இப்ப எல்லாரும் வருவாங்க, தை மாசம் ஒருத்தனும் வரமாட்டான்"னு. குரூப்ல பாதி பேருக்கு அது புரியல, ஜனங்க இப்ப கஷ்டப்படுறப்ப காச பேங்க்ல பூட்டி வைக்கிறதான்னு சண்டையே வந்துச்சு. கடைசியில பாதிக்கு மேல எடுத்து வச்சோம்.

யாருக்குக் குடுக்குறதுங்கிறதுக்கும் அவரே வழி சொன்னாரு. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர். புயலுக்கு முன்னாடி ஒழுங்கா வந்துட்டு இருந்த பிள்ளை, ஸ்கூல் திறந்தப்புறம் தொடர்ந்து வரலன்னா அந்த வீட்டுல ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். அவரு சொன்னா ஸ்கூல்ல டீச்சருங்க கேப்பாங்க, யாரு வரலைன்னு அவங்களுக்கு ரெஜிஸ்டர் பாக்காமலே தெரியும். இன்னொரு பக்கம் அங்கன்வாடி டீச்சரும் கிராம நர்ஸம்மாவும், எந்தக் கைப்புள்ளைக்கு எடை கூடல, எந்த வீட்டுல அப்பாயி மட்டும் தனியா நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்குன்னு அவங்களுக்கு அத்துப்படி. வெளியூர்லேர்ந்து வர்ற எந்த என்ஜிஓவுக்கும் இது ஒரு வருஷம் சர்வே எடுத்தாலும் தெரியாது. ஆனா ஒண்ணு, இவங்க யாரும் பிள்ளைங்க விவரத்த எங்க குரூப்ல போட மாட்டாங்க, நாங்களும் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுனோம். ஹெச்எம் சாரும் ஊர்லயே இருக்குற ரெண்டு பேரும் மட்டும் வீட்டுக்குப் போயி பேசுவாங்க, பணம் நேரா அந்த அம்மா அக்கவுண்டுக்குப் போகும். போட்டோ கெடையாது. காசு குடுத்தவங்க சில பேருக்கு அதுல மனக்கஷ்டம், ஒரு போட்டோவாவது போடுங்கன்னு. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, தான் கைநீட்டி அரிசிப்பை வாங்குற போட்டோ ஊரெல்லாம் சுத்துனா மறுபடி ஸ்கூலுக்கு எப்படி வரும்னு நான் கேட்டேன், இப்பவும் அதையேதான் கேப்பேன்.

மாசம் 3,000 ரூபா, தை முதல் ஆறு மாசம். பெரிய தொகை இல்லதான். ஆனா அது வருதுன்னு தெரிஞ்சதால என்ன ஆச்சுன்னா, ஒரு அக்கா தூரத்து வேலைக்குப் போறத விட்டுட்டு பக்கத்துல களையெடுக்கப் போனாங்க, கூலி கம்மிதான், ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல இருப்பாங்க. மூத்த பொண்ணு ஸ்கூலுக்குப் போச்சு. அந்த அக்கா என்கிட்ட போன்ல சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, "காசு பெரிசில்ல தங்கச்சி, அஞ்சாந்தேதி வரும்னு இருக்கு பாரு, அதுலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது"ன்னாங்க. நூறு வீட்டுக்கு ஒருதடவ அரிசி குடுக்குறதுக்குப் பதிலா இருபது வீட்டுக்கு மாசாமாசம் காசு குடுக்குறோமே, மத்தவங்க பாவம் இல்லையான்னு கேட்டவங்களும் உண்டு. நியாயமான கேள்வி. என்னோட பதில், எல்லாருக்கும் பொதுவா குடுக்க வேண்டியத அரசாங்கம் குடுக்குது, குடுக்கணும். எங்க மாதிரி சின்னக் கூட்டத்தால முடியுறது, விழப்போற வீடு எதுன்னு பாத்து அத பிடிச்சு நிறுத்துறது.

இன்னொண்ணும் பண்ணுனோம். மாரியம்மன் கோயில் பக்கத்துல ஒரு ஹால்ல சாயங்கால சென்டர். ஊர்லயே வேலை இல்லாம இருந்த ரெண்டு வயசான பொம்பளைங்களுக்கு சம்பளம் போட்டு பிள்ளைங்கள பாத்துக்கச் சொன்னோம், சுண்டல், ஒரு டம்ளர் பால், சார்ஜர் லைட்டு. மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் செலவு கம்மி, பலன் ஜாஸ்தி. கரண்டு இல்லாத வீட்டுல மண்ணெண்ணெய் விளக்க வச்சுக்கிட்டு சின்னப் பிள்ளைங்க தனியா இருக்குறது எவ்வளவு பயம்னு நெனச்சுப் பாருங்க. அதுவும் கேம்ப்புலயும் தார்ப்பாய் கூடாரத்துலயும் யாரு வர்றா யாரு போறான்னு தெரியாது. பிள்ளை மேல கை வைக்கிறவன் கூட்டத்துக்குள்ளதான் இருப்பான், அம்மா இல்லாத நேரந்தான் அவனுக்கு நேரம். நாலு மணியிலேர்ந்து ஏழரை வரைக்கும் நம்பிக்கையான ஒரு பெரியவங்க பக்கத்துல இருந்தாலே நெறைய தப்பிக்கலாம்.

"காசா குடுத்தா நேரா டாஸ்மாக்குக்குத்தான் போகும்"னு எல்லா இடத்துலயும் சொல்லுவாங்க. அம்மா அக்கவுண்டுக்குப் போற மாசப் பணம் குழு லோனுக்கும் அரிசிக்கும் பிள்ளை செருப்புக்கும்தான் போச்சு, நாங்க பாத்த வரைக்கும். காசுக்கும் பிள்ளைய கவனிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், அமெரிக்காவுல 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, குறைந்தபட்ச கூலி மணிக்கு ஒரு டாலர் கூடுனா பிள்ளைய சரியா கவனிக்கலைன்னு வர்ற புகார் 9.6 சதவீதம் குறையுதுன்னு. பெத்தவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல, புத்தி சொல்லல, கூலி கூடுச்சு, அவ்வளவுதான். அங்கயே அப்படின்னா ஒரு நாள் கூலி போனா மறுநாள் அடுப்பெரியாத நம்ம ஊருல எப்படி இருக்கும்.

பால் பவுடர் பத்தி தனியா சொல்லியே ஆகணும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிவாரண லிஸ்ட்ல கைக்குழந்தைக்கு பால் பவுடர் டின்னுன்னு முதல் வரியில போடுவாங்க. நல்ல எண்ணத்துலதான் வாங்கி அனுப்புறாங்க. ஆனா கேம்ப்புல தண்ணி சுத்தமில்ல, பாட்டில கொதிக்க வைக்க அடுப்பில்ல, டின்னு தீந்தா அடுத்தது வாங்க காசில்ல, அதுக்குள்ள அம்மாவுக்கு பால் வத்திப் போயிருக்கும். இந்தோனேசியாவுல யோக்யகர்த்தாவுல 2006ல பூகம்பம் வந்தப்ப இலவசமா பால் பவுடர் வாங்குன குழந்தைங்களுக்கு, வாங்காத குழந்தைங்கள விட ரெண்டு மடங்கு வயித்துப்போக்கு இருந்துச்சுன்னு ஆய்வு பண்ணி எழுதியிருக்காங்க. நம்ம நாட்டுலயும் 1992லேர்ந்தே சட்டம் இருக்கு, தாய்ப்பாலுக்குப் பதிலான பால் பவுடர இலவசமா வினியோகிக்கக் கூடாது, அனாதை இல்லத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தக் காசுக்கு பால் குடுக்குற அம்மாவுக்கு முட்டை, பருப்பு, கேஸ் சிலிண்டர், மறைவா உக்காந்து பால் குடுக்க ஒரு தடுப்பு வாங்கிக் குடுங்க. அம்மா சாப்பிட்டா பிள்ளை சாப்பிட்ட மாதிரி. உண்மையிலேயே தாய்ப்பால் கெடைக்காத குழந்தை இருந்தா நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க பாத்து முடிவு பண்ணட்டும்.

இப்ப எல்லாரும் கோவப்படுற எடத்துக்கு வர்றேன். ஹோம், அதாவது அனாதை இல்லம். பர்த்டேக்கு, திவசத்துக்கு, கல்யாண நாளுக்கு ஹோம்ல சாப்பாடு போடுறது நம்ம ஊருல பெரிய பழக்கம், புயல் வெள்ளம்னா ஹோமுக்குக் காசு இன்னும் கூடுதலா போகும். அங்க இருக்குற பிள்ளைங்களுக்கு சாப்பாடு வேணும்தான், குடுக்குறவங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பிள்ளைங்கள்ல எத்தன பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்கன்னு கேட்டுப் பாத்திருக்கீங்களா. உலக அளவுல அனாதை இல்லத்துல இருக்குற பிள்ளைங்கள்ல 5ல 4 பேருக்காவது பெத்தவங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு சேவ் த சில்ரன்ங்கிற குழந்தைங்களுக்கான உலக அமைப்பு 2009லேயே எழுதுச்சு. வறுமைதான் அவங்கள அங்க கொண்டு வந்து விட்டுருக்கு. வீட்டுக்குக் குடுத்தா வீட்டுலயே வளந்திருக்கக் கூடிய பிள்ளைக்கு, ஹோமுக்குக் குடுத்தாத்தான் சோறுன்னு நாமளே ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கோம். நம்ம நாட்டு இளைஞர் நீதிச் சட்டம், 2015ல வந்தது, அதுவே சொல்லுது பிள்ளைய இல்லத்துல சேக்குறது கடைசி வழியா இருக்கணும், பிள்ளைய வளக்குறதுல முதல் பொறுப்பு குடும்பத்துக்குன்னு.

சுனாமி அப்ப இத பெரியவங்க நேர்ல பாத்திருப்பாங்க. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அடுத்த நாள்லேர்ந்தே எங்கெங்கேர்ந்தோ ஆளுங்க வந்தாங்க, பிள்ளைங்கள தத்தெடுத்துக்கிறோம், கூட்டிட்டுப் போயி படிக்க வைக்கிறோம்னு. அரசாங்கம் அப்ப தத்து குடுக்குறதுக்குத் தடை போட்டுச்சு, நாகப்பட்டினத்துலயே அன்னை சத்யா இல்லம்னு ஆரம்பிச்சு, சித்தப்பா மாமா அத்தைன்னு சொந்தம் வந்து பாக்குற தூரத்துலயே பிள்ளைங்கள வச்சுது. ராதாகிருஷ்ணன் சார் கலெக்டரா இருந்தாரு. அது சரியான முடிவுன்னு நான் உறுதியா நம்புறேன். 2021ல கொரோனா ரெண்டாவது அலையிலயும் இதே மாதிரி, "அப்பா அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க, ரெண்டு பெண் குழந்தைங்க, தத்தெடுக்க விரும்புறவங்க இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு மெசேஜ் சுத்துச்சே ஞாபகம் இருக்கா. அப்படி ஒரு மெசேஜ ஃபார்வர்ட் பண்றது பிள்ளைய கடத்துறவன் கையில விலாசத்த குடுக்குற வேலை. தத்தெடுக்குறதுக்குன்னு சட்டப்படி ஒரு வழி இருக்கு, அத விட்டு குறுக்கு வழியில பிள்ளைய குடுத்தாலும் வாங்குனாலும் குற்றம். பெத்தவங்க இல்லாத பிள்ளைக்குக் கூட முதல்ல தேட வேண்டியது சொந்தபந்தத்த, அந்த அத்தைக்கும் அப்பாயிக்கும் வளக்க காசு குடுத்தா போதும், பாசம் ஏற்கனவே இருக்கு.

உதவி வந்தும் தொடரலைன்னா என்ன ஆகும்னும் சுனாமிதான் காட்டுச்சு. வடசென்னை எர்ணாவூர்ல சுனாமி குடியிருப்புல கொண்டு போயி வச்ச மீனவக் குடும்பத்துப் பொம்பளைங்க கடன அடைக்க கிட்னிய வித்த செய்தி வந்தது 2007 ஜனவரியில, அலை அடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு. உலகமே காசு அனுப்புன ஒரு பேரிடர் அது. கடல்லேர்ந்து தூரமா கொண்டு போயி விட்டதால தொழில் போச்சு, கடன் ஏறிக்கிட்டே போச்சு. அந்த ரெண்டு வருஷத்துல அந்த வீட்டுப் பிள்ளைங்க என்ன சாப்பிட்டுச்சு, யாரு பாத்துக்கிட்டாங்கன்னு நான் அடிக்கடி நெனப்பேன்.

அரசாங்கத் திட்டம் இல்லாம இல்ல. மிஷன் வாத்சல்யாங்கிற மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்னு ஒரு உதவித்தொகை இருக்கு, குடும்பத்தோடயே இருந்து வளர்ற பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா, வருஷ வருமானம் கிராமத்துல 72,000, மத்த இடத்துல 96,000க்குள்ள இருக்கணும். புருஷன் இல்லாத அம்மா, குடும்பம் கைவிட்ட அம்மா, பெரிய வியாதி இருக்குற பெத்தவங்க, இவங்க பிள்ளைங்களுக்கெல்லாம் கேக்கலாம். ஒன்பது மாசம் இது ஒழுங்கா வந்தா எவ்வளவு, 36,000. ஒரு பிள்ளைய வேலைக்கு விடாம வீட்டுல வச்சிருக்க அந்தக் காசு போதும். தமிழ்நாட்டுல 2025 செப்டம்பர்லேர்ந்து அன்புக்கரங்கள் திட்டத்துல மாசம் 2,000 வருது, பெத்தவங்க ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கு, இல்ல ஒருத்தர் போயி இன்னொருத்தரால வளக்க முடியாத நெலமையில இருக்குற பிள்ளைக்கு, பள்ளிப் படிப்பு முடியுற வரைக்கும். கொரோனாவுல ரெண்டு பேரையும் இழந்த பிள்ளை பேர்ல 5 லட்சம் டெபாசிட் போட்டாங்க.

சிக்கல் எங்கன்னா, அந்தக் காசு வர்றதுக்கு நாளாகும். வருமானச் சான்று வேணும், இறப்புச் சான்று வேணும், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளை பேர்ல பேங்க் பாஸ்புக்கு வேணும், புயல்ல இதுல பாதி நனைஞ்சு கூழாயிருக்கும். இ-சேவைக்கு நாலு தடவ நடக்கணும்னா நாலு நாள் கூலி போச்சு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆபீஸ் இருக்குற டவுனுக்குப் போய்வர பஸ் காசு. இங்கதான் நம்ம காசுக்கு ஒரு நல்ல வேலை இருக்கு. அந்தச் செலவ குடுத்து, விவரம் தெரிஞ்ச ஒருத்தர கூட அனுப்பி, அரசாங்கப் பணம் வர ஆரம்பிக்கிற வரைக்கும் மாசப் பணத்த நாம குடுக்கணும். நாங்க ஆறு மாசம்னு வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு குடும்பத்துக்கு நாம செலவு பண்ணுற பதினெட்டாயிரம், அவங்கள வருஷக்கணக்கா வரப்போற ஒரு உதவியில கொண்டு போயி சேக்குதுன்னா அத விட நல்ல தர்மம் எனக்குத் தெரியல.

காசு குடுத்தா எல்லாம் சரியாயிடும்னும் நெனச்சுக்காதீங்க. குடிச்சுட்டு வந்து பிள்ளைய அடிக்கிற அப்பா இருக்காரு, மனசு ஒடைஞ்சு போயி நாளெல்லாம் படுத்தே கெடக்குற அம்மா இருக்காங்க, புயலுக்கு அப்புறம் அது ரொம்ப ஜாஸ்தி. பிள்ளைக்கு ஆபத்துன்னு தோணுனா 1098க்கு அடிங்க, இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, அங்கேர்ந்து குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். பேரு சொல்லணும்னு அவசியமில்ல. அந்த அம்மாவுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மனநல டாக்டர பாக்க வண்டி வச்சு கூட்டிட்டுப் போறதும் பிள்ளைக்கான உதவிதான், அதுக்கும் நன்கொடைக் காச தாராளமா செலவு பண்ணலாம்.

எங்க குரூப்ல இப்ப வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடியே கொஞ்சம் காசு சேத்து வச்சிர்றோம், சாயங்கால சென்டருக்கு வர்ற பெரியம்மாங்க யாருன்னு முன்கூட்டியே பேசி வச்சிர்றோம். இன்னும் எங்களுக்கு வழி தெரியாத ஒரு இடம் இருக்கு. ரேஷன் கார்டே இல்லாத குடும்பங்க. செங்கல் சூளைக்கு ஒடிசாவுலேர்ந்து வந்தவங்க, ஊர் ஊரா வாத்து மேய்ச்சுக்கிட்டுப் போற இருளர் குடும்பங்க, எந்த ஸ்கூல் ரெஜிஸ்டர்லயும் பேரில்லாத பிள்ளைங்க. நாங்க அட்டெண்டன்ஸ பாத்துக் கண்டுபிடிக்கிறோம்னா, இவங்க அதுலயே இல்ல. போன மழைக்கு சூளைப் பக்கம் ஒரு அங்கன்வாடி டீச்சர் தானா போயி கணக்கெடுத்துட்டு வந்தாங்க, அவங்களுக்கு வண்டிப் பெட்ரோலுக்கு நாங்க காசு குடுத்தோம், இந்த வருஷம் அத ஆவணியிலயே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கோம். வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் இந்த மாதிரி குடும்பங்களோட வேலை பாக்குறவங்க யாராவது இருந்தா நீங்க எப்படி பண்றீங்கன்னு எழுதுங்க, நாங்க அதே மாதிரி எங்க பக்கமும் பண்றோம்.